தெருநாய்க்கு ஒரு தோல் மடல்



நாய், பூனைகளில் தசையையும் தோலையும் மடலாகத் திருப்பி வைத்துச் செய்யும் மறுசீரமைப்பு அறுவையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும், மாவட்டத்தில் பணியாற்றும் நண்பர் ஒருவர் கேட்டார்: "புழுப் புண்ணுக்கு மருந்து வைக்கவே ஆள் போதாத இடத்தில் இது யாருக்கு? பெருநகரத்தில் செல்ல நாய்க்குச் செலவழிக்க முடிந்தவர்களுக்குத்தானே?" நேர்மையான கேள்வி. அதற்குப் பதில் சொல்லவே இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன். இந்த அறுவை எந்த விலங்குக்கும் பயன்படும். ஆனால் உடையவர் என்று ஒருவர் இல்லாத விலங்குக்குத்தான் அது எல்லாரையும்விட அதிகமாகத் தேவைப்படுகிறது. அதைச் செய்யப் பெரிய கருவிகள் வேண்டாம், உடற்கூறு தெரிந்தால் போதும். என் கட்சி இவ்வளவுதான்.

நாம் எல்லாரும் பார்த்திருக்கும் ஒரு புண்ணை எடுத்துக்கொள்வோம். சாலையைக் கடக்கும் நாயை வண்டி இடித்துச் சிறிது தூரம் இழுத்துக்கொண்டு போகிறது. எலும்பு முறியவில்லை. பின்னங்காலின் உட்புறத்தில் தொடையிலிருந்து முழங்கால் மூட்டுக்குக் கீழ் வரை தோல் உரிந்துபோயிருக்கிறது. இரண்டு மூன்று நாள் கழித்து யாரோ மனமிரங்கி ஆட்டோவில் தூக்கிவரும்போது புண்ணில் புழு வைத்துவிட்டது. வழக்கமாக நம்மிடம் இதற்கு இரண்டு விடைகள். புழுவை எடுத்துக் கழுவிக் கட்டுப் போட்டு, புண் தானே மூடும்வரை காத்திருப்பது ஒன்று. காலை எடுத்துவிடுவது இன்னொன்று.

முதல் வழியை நான் குறை சொல்லவில்லை. நாயின் உடம்பு ஆறுகிற திறன் வியப்பானது. விலாவிலும் முதுகிலும் உள்ள பெரிய புண்கூடச் சுற்றியிருக்கும் தோல் மெல்ல இழுபட்டு மூடிக்கொள்ளும். காலில் அப்படி இழுபடுவதற்குத் தோல் கிடையாது. மூட்டின் மேல் உள்ள புண் சுருங்கும்போது மூட்டையும் சேர்த்து மடக்கிவிடுகிறது. மேலே வருவது மயிரில்லாத, காகிதம் போன்ற வடுத்தோல். படுத்து எழும்போதெல்லாம் உரசி உடைந்துகொண்டே இருக்கும். இந்த நிலைக்கு வந்து சேரவே வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், இரண்டு நாளுக்கு ஒரு தடவை கட்டு மாற்ற வேண்டும். வீட்டு நாயென்றால் உடையவர் கூட்டிவருவார். தெருநாயை யார் கூட்டிவருவது? காப்பகத்தில் வைத்துக்கொண்டாலும், கூண்டில் கழியும் ஒவ்வொரு வாரமும் டிஸ்டெம்பர், பார்வோ போன்ற தொற்றுக்கு வாசல் திறந்துவைத்த வாரம்தான். இதற்குள் அது வாழ்ந்த தெருவில் அதன் இடத்தை வேறு நாய்கள் பிடித்துக்கொள்ளும். திரும்பக் கொண்டுபோய் விட்டால் கடிபடும்.

அதே காலை ஒரு தோல் மடலால் மூடினால், எல்லாம் சரியாகப் போகும்போது, இரண்டு வாரத்தில் தையல் பிரித்துவிடலாம். வந்து சேர்வது வடுத்தோல் இல்லை. முழுத் தடிமனும் மயிரும் கொழுப்பும் தனக்கென்று இரத்த ஓட்டமும் உள்ள உண்மையான தோல். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கூடுதலாக மேசையில் உழைத்து, பின்பராமரிப்பின் பெரும்பகுதியை நாம் மிச்சப்படுத்துகிறோம். பின்பராமரிப்புக்கு ஆளே இல்லாத விலங்குக்கு இதைவிடச் சிக்கனமான வைத்தியம் எது?

தோல் ஒட்டுக்கும் தோல் மடலுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒட்டு என்பது உடம்பிலிருந்து முழுதாக வெட்டி எடுத்த தோல். அது புண்ணின் மேல் கிடந்து, முதலில் அங்கே ஊறும் நீரை உறிஞ்சி உயிர் பிடித்து, சில நாட்களில் அடியிலிருந்து இரத்தக் குழாய் வளர்ந்து சேர்ந்தால்தான் பிழைக்கும். மடலைத் தாயிடமிருந்து முழுதாகப் பிரிப்பதில்லை. மல்லிகைக்குப் பதியன் போடுகிறவர் கிளையைத் தாய்ச்செடியிலேயே விட்டு மண்ணில் பதிப்பதைப் போல, ஒரு காம்பு வழியாகத் தாய் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தோல் புது இடத்தில் பிடித்துக்கொள்கிறது. ஆகவே ஒட்டு பிடிக்காத இடத்திலும் மடல் பிடிக்கும். எலும்பு வெளியே தெரிகிற இடம், தசைநாண் தெரிகிற இடம், அசைந்துகொண்டே இருக்கும் மூட்டு, இவற்றில் ஒட்டை நம்ப முடியாது.

இந்த அறிவின் வேர் நம் நாட்டில்தான் மிகப் பழையதாகக் கிடைக்கிறது. வெட்டுண்ட மூக்கைச் சரிசெய்ய, முதலில் ஓர் இலையை அந்த அளவுக்கு நறுக்கிக்கொண்டு, அதே அளவில் கன்னத்துச் சதையைக் காம்பு விட்டு அறுக்கும் முறையை சுசுருத சம்ஹிதை சொல்கிறது. இது ஏட்டோடு நின்றுவிடவில்லை என்பதற்குப் புனே சான்று. 1792ஆம் ஆண்டு மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் படையிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். புனேக்கு அருகில் செங்கல் செய்யும் வகுப்பைச் சேர்ந்த ஒருவர் அவருக்கு நெற்றித் தோலைத் திருப்பிப் புது மூக்கு அமைத்தார். லண்டனில் வெளிவந்த ஜென்டில்மேன்ஸ் மேகசின் இதழில் 1794 அக்டோபரில் வந்த கடிதம் செய்முறையை விளக்குகிறது. மெழுகில் மூக்கின் அச்சைச் செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு போட்டு, இரு கண்களுக்கும் நடுவே ஒரு காம்பை மட்டும் விட்டுத் தோலை உரித்துத் திருப்பியிருக்கிறார். ஒட்டுவதற்குக் காசுக்கட்டி. ஏறத்தாழ இருபத்தைந்தாம் நாளில்தான் காம்பை அறுத்தார்கள்.

அந்தக் கடிதத்தைப் படித்த லண்டன் மருத்துவர் ஜோசப் கார்ப்யூ பிணங்களில் பழகிப் பார்த்து, 1814இல் ஓர் ஆங்கில அதிகாரிக்கு இதே அறுவையைச் செய்தார். 1816இல் நூலாக வெளியிட்டார். இத்தாலியில் அதற்கு வெகு முன்பே, 1597இல், பொலோனியாவின் தாலியாகோட்ஸி மேல்கைத் தோலை மூக்கில் இணைத்துக் கையைத் தலையோடு கட்டிவைக்கும் முறையை எழுதியிருந்தார். முதல் உலகப் போரில் ஹெரால்ட் கில்லீஸ் மடலைக் குழாயாகச் சுருட்டித் தைத்தது 1917இல். இவர்கள் எல்லாருக்கும் கைத்திறன் இருந்தது, பொறுமை இருந்தது. எந்த மடல் பிழைக்கும், எது கருகும் என்பதற்கான காரணம்தான் முழுதாகத் தெரியவில்லை.

அந்தக் காரணம் துலங்கிய கதையை நான் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சொல்வேன். நெடுங்காலம் ஒரு விதி இருந்தது. மடலின் நீளம் அதன் அடியகலத்தைவிட இத்தனை மடங்குக்கு மேல் போகக்கூடாது; போனால் நுனி செத்துவிடும். நீளம் வேண்டுமா, அகலத்தைக் கூட்டு. ஆசிரியர் சொன்னார், மாணவர் எழுதிக்கொண்டார். 1970இல் மில்டன் என்ற அறுவை மருத்துவர் பன்றிகளின் விலாவில் வெவ்வேறு அகலத்தில் மடல்களை எடுத்துப் பார்த்தார். அகலத்தைக் கூட்டினால் பிழைக்கும் நீளம் கூடவில்லை. ஒரே வகை இரத்த ஓட்டம் உள்ள மடல்கள், அகலம் எதுவானாலும், ஒரே நீளத்துக்குத்தான் பிழைத்தன. பிழைப்பைத் தீர்மானிப்பது அடியில் நுழையும் தமனி. 1970களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவின் இயன் மெக்கிரெகர் இதை இன்னும் தெளிவாக்கினார்: ஒரு குறிப்பிட்ட தமனி மடலின் நீளவாட்டில் ஓடினால் அது அச்சு மடல், அப்படி ஒன்று இல்லாமல் தோலுக்கடியில் உள்ள நுண்குழாய் வலையை மட்டும் நம்பியிருந்தால் அது வேறு மடல், அதற்கு வேறு கணக்கு.

இனி நம் விலங்குகளுக்கு வருகிறேன். மனிதனிலும் பன்றியிலும் தோலுக்கு இரத்தம் பெரும்பாலும் தசைக்குள்ளிருந்து செங்குத்தாக மேலே ஏறி வருகிறது. நாயிலும் பூனையிலும் அப்படி இல்லை. நேரடித் தோல் தமனிகள் என்று நாம் சொல்லும் குழாய்கள் தசைகளுக்கு இடையே வெளிவந்து, தோலுக்கு இணையாகக் கிடைமட்டத்தில் வெகுதூரம் ஓடுகின்றன. ஈ உட்கார்ந்தால் நாய் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டுகிறதே, அந்த மெல்லிய தோலடித் தசைப் படலத்தை ஒட்டியே அவற்றின் கிளைவலை விரிகிறது. மனிதனுக்கு அந்தப் படலம் கழுத்தில் ஒரு மிச்சமாகத்தான் இருக்கிறது. நாயின் தோல் அடித்தசையோடு தளர்வாக இணைந்து, கையால் பிடித்தால் கொத்தாக வருவதும் இந்த அமைப்போடு சேர்ந்தது. ஆகவே மனிதருக்கு எழுதப்பட்ட நூலை வைத்துக்கொண்டு நாயை அறுக்க முடியாது. இந்த இடத்தில் இயற்கை நமக்குத் தந்திருப்பது மனித அறுவை மருத்துவருக்குக் கிடைக்காத வசதி. நீண்ட தமனி, தளர்ந்த தோல், இரண்டும் ஒன்றாக வாய்த்திருக்கின்றன.

இதை முறையாக அளந்து மருத்துவருக்குப் பயன்படும்படி வரைந்து தந்தவர் அமெரிக்கக் கால்நடை அறுவை மருத்துவர் மைக்கேல் பாவ்லெட்டிக். 1981இல் அவர் வெளியிட்ட கட்டுரை நாயின் மூன்று நேரடித் தோல் தமனிகளைக் கொண்டு அச்சு மடல் எடுக்கும் முறையை விளக்கியது: தோள் முன்புறத்தில் ஓமோசெர்விக்கல், தோள் பின்புறத்தில் தோராகோடார்சல், இடுப்பில் டீப் சர்க்கம்ஃப்ளெக்ஸ் இலியாக். பிறகு அடிவயிற்று எபிகாஸ்ட்ரிக், முழங்காலருகில் ஜெனிகுலர், முன்னங்காலில் பிரேக்கியல், காதின் பின்புறம், வால் என்று பட்டியல் நீண்டது. அவர் எழுதிய அட்லஸ் நம் நூலகத்தில் இருக்கிறது. முதுநிலை மாணவர்கள் மட்டும் புரட்டும் நூலாக அது இருப்பது எனக்கு வருத்தம். களத்தில் இருப்பவர்களுக்கும் அது சேர வேண்டும்.

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் வேண்டியது அடிவயிற்று மடல். காடல் சூப்பர்ஃபிஷியல் எபிகாஸ்ட்ரிக் தமனி கவட்டுக் கால்வாயின் வெளிவாய்க்கருகில் எழுந்து, மடிக்காம்புகளின் வரிசையையொட்டி முன்னோக்கி ஓடுகிறது. அடிவயிற்றின் நடுக்கோடு ஒரு பக்க எல்லை. நடுக்கோட்டுக்கும் காம்புகளுக்கும் இடையே எவ்வளவு தூரமோ, அதே தூரம் காம்புகளுக்கு வெளிப்பக்கம் மற்றோர் எல்லை. நாயில் கடைசி நான்கு மடிச்சுரப்பிகள் வரை நீட்டலாம். ஆண் நாயானால் ஆண்குறி உறையின் அடியைச் சுற்றி நடுக்கோட்டு வெட்டு போக வேண்டும்; கவனம் தப்பினால் தமனியே அறுபடும். இப்படி எடுத்த மடலைத் திருப்பினால் தொடையின் உள்ளும் வெளியும், விலா மடிப்பு, முழங்கால் மூட்டு வரை மூடும். குட்டைக் கால் நாய்களிலும் பூனைகளிலும் இன்னும் கீழே எட்டும். நான் முதலில் சொன்ன உரிந்த காலுக்கு இதைவிடப் பொருத்தமான மடல் கிடையாது. எடுத்த இடமும் நேர்கோட்டில் தைத்து மூடிவிடும்.

பெண் நாயில் ஒன்றை மறக்கக்கூடாது. திருப்பி வைத்தது மடிச்சுரப்பி; இடம் மாறினாலும் அது சுரப்பிதான். கருத்தடை செய்யாமல் விட்டால், அடுத்த முறை குட்டி போடும்போது முழங்காலருகில் பால் கட்டும். கருத்தடையையும் அதே திட்டத்தில் சேர்த்துவிட வேண்டும். தெருநாய்க்கு எப்படியும் அது தேவை. தொடையில் வரிசையாகக் காம்புகளோடு ஓடித் திரியும் செம்பட்டை நாய் ஒன்று எங்கள் மருத்துவமனைப் பக்கத்துத் தெருவில் இருந்தது. தேநீர்க் கடைக்காரர் அதற்கு தினமும் பன் போடுவார். அந்தக் காலை எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு நடந்தது. அது நான்கு காலில் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் இந்தத் தொழிலில் இருப்பதற்கு நான் நன்றியோடு இருந்திருக்கிறேன்.

முன்னங்காலுக்குத் தோராகோடார்சல் மடல். தோள்பட்டை எலும்பின் முதுகுமேடு முன் எல்லை. அதற்குப் பின்னே, தோள் மூட்டின் பின்புறம் விரலை வைத்தால் ஒரு பள்ளம் தட்டுப்படும். தமனி வெளிவருவது அங்கேதான். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு எவ்வளவு தூரமோ அதைப் போல இரு மடங்கில் பின் எல்லை. மேலே முதுகின் நடுக்கோடு வரை, வேண்டுமானால் அதையும் கடந்து எதிர்த் தோள் வரை. இதைத் திருப்பினால் தோள், அக்குள், முழங்கை மூடும். பூனையில் மணிக்கட்டுப் பக்கம்கூடப் போகும். இதில் பலருக்குச் சறுக்குகிற இடம் கோடு போடும் நேரம். விலங்கை மேசையில் படுக்கவைத்துக் காலை முன்னுக்கு இழுத்துக் கட்டிவிட்டு அடையாளம் வைத்தால், தளர்ந்த தோல் எலும்பின் மேல் நகர்ந்துபோயிருக்கும். கோடு எலும்புக்குச் சரியாக இருக்கும், தமனிக்குச் சரியாக இருக்காது. காலை இயல்பான நிலையில் விட்டு, தோலைத் தடவி அதன் இடத்துக்கு வரவிட்டு, அதன் பிறகே மார்க்கர் பேனாவை எடுங்கள். புண்ணின் அளவுக்கு ஒரு துணியை வெட்டி, காம்பு இருக்கப்போகும் புள்ளியில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சுழற்றிப் பாருங்கள். எட்டாத துணிக்கு எட்டும் தோலும் கிடையாது. கையுறை சுற்றிவரும் காகிதமே இதற்குப் போதும். இலையும் மெழுகும் செய்த வேலை அதுதான்.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களை வைத்திருப்பவர்கள் தென்மாவட்டங்களிலிருந்து வருவதுண்டு. அவற்றின் தோல் மெல்லியது, உடம்போடு ஒட்டியது. முள்ளிலும் வேலிக் கம்பியிலும் நீளமாகக் கிழியும். லாப்ரடாரில் தாராளமாகக் கிடைக்கும் தோல் இவற்றில் கிடைக்காது. எடுத்த இடத்தை மூட முடியுமா என்பதை முதல் வெட்டுக்கு முன்பே பிடித்துப் பார்த்துவிட வேண்டும்.

கட்டி எடுக்கும் அறுவையிலும் மடலுக்கு இடம் உண்டு, அங்கே வேறு காரணத்துக்காக. மாஸ்ட் செல் கட்டி, சார்கோமா போன்றவற்றைச் சுற்றி நல்ல திசுவோடு அகலமாக எடுக்க வேண்டும். மூட முடியாதே என்ற பயத்தில் கத்தி உள்ளே சுருங்கிக்கொண்டு வரும். விளிம்பில் கட்டி மிஞ்சிவிடும். மடல் தெரிந்தவர் தைரியமாக வெட்டுவார். ஆனாலும் விளிம்பு சுத்தமா என்று நோய்க்குறியியல் அறிக்கை வருமுன் பெரிய மடலைத் திருப்பி வைக்காதீர்கள். கட்டியின் அணுக்களைப் புது இடத்துக்கு நாமே கொண்டுபோய்ச் சேர்த்ததாக ஆகிவிடும். புண்ணைச் சில நாள் கட்டுப் போட்டு வைத்திருப்பதில் பிழையில்லை. கத்தியையும் கையுறையையும் மாற்றாமல் கட்டி எடுத்த கையோடு மடலைத் தொடவும் கூடாது.

தசை மடலுக்குப் போவோம். மனிதரில் ஸ்டீவன் மேத்ஸும் ஃபோவாத் நஹாயும் 1981இல் தசைகளை அவற்றுக்கு வரும் இரத்தக் குழாய்களின் வகைப்படி ஐந்தாகப் பிரித்தார்கள். நாயின் தசைகளுக்கு அதே வேலையை ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் சேம்பர்ஸ், பூரின்டன் குழுவினர் 1990, 1992 ஆண்டுகளில் செய்துதந்தார்கள். எந்தத் தசையை எந்த முனையில் அறுத்து எந்தப் பக்கம் திருப்பலாம் என்பதற்கு அந்தப் பிரிவுதான் வழிகாட்டி. ஒரே ஒரு பெருந்தமனியை நம்பியிருக்கும் தசையின் அந்தத் தமனியை அறுத்துவிட்டால் நாம் திருப்பி வைப்பது பிணத்தைத்தான்.

எலும்பு வெளியே தெரிந்து சீழ் பிடித்த காலுக்குத் தசை செய்யும் உதவி தோலால் முடியாதது. நிறைய இரத்தம் கொண்ட திசு அது. அது போகும் இடத்துக்கு வெள்ளணுவும் போகும், நாம் ஊசியில் ஏற்றும் ஆன்டிபயாட்டிக்கும் போய்ச் சேரும். காடல் சார்ட்டோரியஸ் என்ற தொடைத் தசையை மேல்முனையில் அறுத்து, கீழே சஃபீனஸ் குழாயைக் காம்பாக வைத்துத் திருப்பினால் கணுக்கால் பக்கம் வரை மூடலாம். மார்புக்கூட்டில் கட்டியோடு சில விலா எலும்புகளை எடுத்த பிறகு ஏற்படும் ஓட்டையை லாட்டிசிமஸ் டார்சி என்ற முதுகுத் தசையாலோ, அடிவயிற்றின் வெளிச்சாய்வுத் தசையாலோ மூடுகிறோம். லாட்டிசிமஸுக்குப் பெருந்தமனி அதே தோராகோடார்சல். ஆகவே தசையையும் மேல்தோலையும் ஒன்றாக எடுக்கவும் முடியும். இத்தாலியின் தன்சினி மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் பெண்களுக்கு இதை 1906இல் செய்துகாட்டினார். நாயில் பாவ்லெட்டிக்கின் குழு 1980களில் செய்தது. நாயின் மற்றத் தசைகளில் பெரும்பாலானவற்றின் மேல்தோல் அவற்றிலிருந்து இரத்தம் வாங்குவதில்லை என்பதால், இந்தச் சேர்ந்த மடல் நமக்கு விதிவிலக்காகவே இருக்கிறது.

வயதான, காயடிக்காத ஆண் நாய்களில் ஆசனவாய்க்குப் பக்கத்தில் வீங்கும் பெரினியல் குடலிறக்கத்தை இங்கே எத்தனை பேர் வாரந்தோறும் பார்க்கிறீர்கள்! மலம் கழிக்க முக்கி முக்கி, கடைசியில் சிறுநீர்ப்பையே பின்னால் புரண்டு விழுந்து, உயிருக்குப் போராடும் நிலையில் கொண்டுவருகிறார்கள். இடுப்புத் தரையில் மெலிந்துபோன தசைகளை ஒன்றோடொன்று இழுத்துத் தைத்தால் திரும்பப் பிளந்துகொள்ளும். உள் ஆப்டுரேட்டர் தசையை எலும்பிலிருந்து எழுப்பி மேலே திருப்பித் தைப்பதுதான் இன்று வழக்கம். அதுவும் போதாதபோது, குறிப்பாகக் கீழ்ப்புறம் திறந்துகொண்டிருக்கும்போது, எதிர்க்காலின் செமிடெண்டினோசஸ் தசையைக் கீழ்முனையில் அறுத்து, மேல்காம்பில் தொங்கவிட்டுக் குறுக்கே கொண்டுவருகிறோம். அந்தத் தசையை இழந்தும் நாய் நொண்டாமல் நடக்கிறது. கூடவே காயடிப்பும் செய்தாக வேண்டும். 'ஆம்பளை நாய், அதை ஏன் டாக்டர்' என்று தயங்கும் உடையவர்களிடம் பொறுமையாக உட்கார்ந்து பேசுவது அறுவையின் ஒரு பாகம் என்றே நான் கருதுகிறேன்.

பூனையைச் சின்ன நாய் என்று நினைத்து அறுத்த காலம் ஒன்று இருந்தது. 2004இல் போலிங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் நாயையும் பூனையையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு அதை மாற்றியது. தைத்த காயம் ஏழாம் நாளில் பூனையில் நாயினுடையதில் பாதி வலிமையே பெற்றிருந்தது. திறந்த புண்ணில் புதுச் சிவப்புத் திசு நாயில் புண்ணின் பரப்பு முழுவதும் எழும்புகிறது. பூனையில் ஓரத்திலிருந்து மெல்ல உள்ளே ஊர்கிறது. தோலடிக் கொழுப்பை வழித்து எடுத்துவிட்டால் பூனையில் ஆறுவது இன்னும் தாமதமாகும். சுத்தம் செய்கிறேன் என்று தாராளமாக வழிப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். பூனைக்குத் தையலைச் சில நாள் கூடுதலாக விட்டுவைப்பதும் நல்லது.

கழுத்துப் பட்டைக்குள் முன்னங்கால் மாட்டி அக்குளில் விழும் புண், மேலை நாட்டு வீட்டுப் பூனைகளில் தைக்கத் தைக்கப் பிரிந்துகொள்ளும் பிடிவாதமான புண்ணாக இருந்தது. வயிற்றுக்குள் குடலைப் போர்த்திக் கிடக்கும் கொழுப்புச் சவ்வான ஓமென்டத்தைத் தோலடிச் சுரங்கம் வழியாக அங்கே கொண்டுவந்து பரப்பும் முறையை 1990களில் பிராக்மன் குழுவினர் பூனைகளில் செய்துகாட்டினார்கள். அதன் மேல் தோராகோடார்சல் மடலையும் சேர்த்து மூடும் முறை 2001இல் வந்தது. ஓமென்டம் இரத்தமும் நிணநீர் வடிகாலும் ஒருங்கே தரும் திசு. நம்மூரில் கயிறு அறுத்த புண்ணுக்கும் நாய் கடித்த பூனைக்கும் இதே வழி உதவும்.

மடல் வைப்பதற்கு முன் புண்ணைத் தயார் செய்வதில்தான் நம் ஊர்களில் பாதிப் போர். புழுவை ஒன்றுவிடாமல் எடுக்க வேண்டும், செத்த திசுவை நீக்க வேண்டும், ஏராளமான உப்புநீரால் கழுவ வேண்டும், சுத்தமான சிவப்புப் படுகை வரும்வரை சில நாள் கட்டு மாற்ற வேண்டும். அழுக்கின் மேல் எவ்வளவு அழகான மடல் வைத்தாலும் அது பிரியும். பொதுமக்களும் இந்த அவையில் இருப்பதால் ஒரு வேண்டுகோள்: புண்ணில் ஃபினாயில் ஊற்றாதீர்கள், சூடம் வைத்து அடைக்காதீர்கள். ஃபினாயில் பூனைக்கு நஞ்சு. சுத்தமான தண்ணீரால் கழுவி, துணியால் மூடி, அன்றே கொண்டுவாருங்கள். தெருநாயைக் கையாள்பவர்கள் வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொண்டிருக்க வேண்டும்; இதில் சமரசம் கூடாது.

மடல் தோற்கும். முழுதாகத் தோற்பது அரிது. நுனி கருகுவது அடிக்கடி. பெரும்பாலும் தமனியைவிடச் சிரைதான் காரணம்: காம்பு முறுக்கிக்கொள்கிறது, அடியில் நீர் கோத்து அழுத்துகிறது, கட்டு இறுகிவிடுகிறது. இரத்தம் உள்ளே போகிறது, திரும்பி வர வழியில்லை. முதல் இரண்டு நாள் மடல் கன்றிச் சிவந்து நீலம் பாரித்திருப்பதைப் பார்த்துப் பதறி வெட்டக்கூடாது. ஐந்தாறு நாளில் உயிருள்ளதும் இல்லாததும் தாமே எல்லை பிரித்துக்கொள்ளும். நம் நாட்டு நாய்களில் பலவற்றின் தோலே கறுப்பு. நிறத்தைப் பார்த்துத் தெரியாது. கையை வைத்துச் சூட்டைப் பாருங்கள், நுனியில் ஊசியால் லேசாகக் குத்தி வரும் இரத்தத்தின் நிறத்தைப் பாருங்கள். கருகிய நுனியை எடுத்துவிட்டு மிச்சத்தைத் தானே ஆறவிட்டாலும் விலங்கு பெரும்பாலும் நன்றாகவே தேறிவிடும். கழுத்துக் கூம்பைக் கழற்றிவிட்டு நக்கவிட்டால் மட்டும் எதுவும் தேறாது. வலிக்கு மருந்து கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். வலியுள்ள விலங்கு படுக்காது, படுக்காத விலங்கின் தையல் நிற்காது.

காலை எடுப்பதைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். மூன்று காலில் நாய் நன்றாக வாழும். நரம்பு அறுபட்டு உணர்ச்சி போன பாதம், நொறுங்கிய மூட்டு, பரவிய புற்றுநோய், இவற்றில் கால் எடுப்பதே இரக்கம். எலும்பும் நரம்பும் நலமாக இருந்து, தோல் மட்டும் போன ஒரே காரணத்துக்காகக் கால் போவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தாம்பரத்திலோ தாராபுரத்திலோ ஒரு மருந்தகத்தில் இருப்பவருக்கு நுண்ணோக்கி வேண்டாம், மைக்ரோ கருவிகள் வேண்டாம். கத்தி, கத்தரி, தையல் நூல், ஒரு மார்க்கர், மயக்க மருந்து, உதவிக்கு ஒரு கை. இவற்றோடு அந்தத் தமனி எங்கே எழுகிறது என்ற அறிவு.

அந்த அறிவை நாம் எப்படிக் கொடுக்கிறோம்? உடற்கூறு வகுப்பில் முதலாமாண்டு மாணவர் நாயின் உடலை அறுக்கத் தொடங்கும்போது முதலில் செய்வது தோலை உரித்து வாளியில் போடுவது. தசைக்கும் உறுப்புக்கும் போவதற்கு அது ஒரு தடை என்பது போல. நேரடித் தோல் தமனிகள் அத்தனையும் அந்த வாளியில் போய்விடுகின்றன. பிறகு நான்காம் ஆண்டில் அறுவை வகுப்பில் அவற்றின் பெயரை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

ஆகவே இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடமும் கல்லூரியிடமும் இரண்டு யோசனைகளை வைக்கிறேன். உடற்கூறு வகுப்பில் ஆண்டுக்கு ஓர் உடலையாவது, தமனிக்குள் சிவப்பு லேடெக்ஸ் செலுத்தி, தோலை உட்புறமிருந்து பார்க்கும்படி மாணவர்கள் கவனமாக எழுப்பிப் படிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அடுத்தது, களத்தில் பணியாற்றும் உதவி மருத்துவர்களுக்கு, இயற்கையாக இறந்த விலங்குகளின் உடல்களில், ஆண்டுதோறும் இரண்டு நாள் பயிற்சி. நாள் முழுக்க விரிவுரை வேண்டாம். காலையில் அரை மணி நேரம் படம், பிறகு மாலை வரை கையில் கத்தி. சிறு குழுவாக வந்தால் போதும். முதல் ஆண்டில் தோராகோடார்சல் மடல், அடிவயிற்று மடல் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இவ்விரண்டும் கைவசமானால் முன்னங்கால், பின்னங்கால் புண்களில் பெரும்பகுதியைத் தாலுகா அளவிலேயே மூடிவிட முடியும். இந்த அறக்கட்டளையின் வட்டித் தொகையிலிருந்து லேடெக்ஸுக்கும் தையல் பொருளுக்கும் பயணப்படிக்கும் ஒரு பங்கு ஒதுக்க முடியுமா என்று கேட்டுக்கொள்கிறேன். கற்பிக்க நான் வருகிறேன். என் மாணவர்களில் பலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.